டாட்நெட் 4.0-ஐ விட்டுவிடலாமா? எக்ஸ்பி கடைகள் இன்னும் இருக்கின்றன

கணக்குப்பிள்ளை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். மொத்த வியாபாரக் கடைகளுக்கான பில்லிங், ஸ்டாக் மென்பொருள் ஒன்றை நானும் என் நண்பரும் பராமரிக்கிறோம். சி ஷார்ப் மொழி, திரைகளுக்கு வின்ஃபார்ம்ஸ், பின்னால் டேட்டாபேஸாக எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ். தொடங்கிய காலத்தில் கடைகளில் எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பிதான். அதனால் விண்டோஸ் மென்பொருள்கள் ஓட மைக்ரோசாஃப்ட் தரும் அடித்தளமான டாட்நெட் ஃபிரேம்வொர்க்கில் 4.0-ஐ வைத்துக் கட்டினோம். அதற்கு மேல் எக்ஸ்பியில் ஏறாது என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

இத்தனை காலம் ஓட்டியாயிற்று, இப்போது இடிக்கிறது. விஷுவல் ஸ்டுடியோ 2022-ல் புராஜெக்டைத் திறந்தால் 4.0-க்குக் கட்டத் தேவையான கோப்புத் தொகுப்பு (டார்கெட்டிங் பேக்) இல்லை என்கிறது. 4.5.1 வரைக்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களாம். நியூகெட் களஞ்சியத்தில் புதிதாக வரும் நிரல் நூலகங்கள் 4.0 பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இதற்கு நடுவே இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் கட்டாயம். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று வந்தபோது, நம் கடைக்காரர்களுக்கு இல்லை என்று நிம்மதியாக இருந்தோம். 2023 ஆகஸ்ட் 1 முதல் அது 5 கோடிக்கு இறங்கிவிட்டது. பருப்பு, எண்ணெய் மொத்தக் கடைக்கு 5 கோடி பெரிய தொகையே இல்லை.

4.0-ஐ விட்டால் எங்கே போவது? 4.8-ஆ, ஒரேயடியாக டாட்நெட் 8-ஆ? எக்ஸ்பி வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒழுங்காக ஏஎம்சி (வருடாந்தரப் பராமரிப்புக் கட்டணம்) கட்டுகிறவர்கள். அவர்களிடம் எந்த முகத்தோடு போய் "இனிமேல் உங்களுக்கு அப்டேட் கிடையாது" என்று சொல்வது?

ஸ்டாக்ட்ரேஸ்

எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லேயே கதை முடிந்துவிட்டது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14. காசு கொடுத்து நீட்டித்துக் கொண்டவர்களுக்கும் 2023 ஜனவரியோடு சரி. உருவாக்கிய நிறுவனமே கைவிட்டதை இரண்டு பேர் கம்பெனி ஏன் சுமக்க வேண்டும்?

டாட்நெட் 8-க்குப் போங்கள். செல்ஃப் கன்டெய்ன்டாக வெளியிடுங்கள். மென்பொருளை ஓட்டுகிற ரன்டைம் உங்கள் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். கடைக்காரர் மெஷினில் எந்த ஃபிரேம்வொர்க் இருக்கிறது, இல்லை என்ற தலைவலியே கிடையாது.

ஈரோடு சர்வீஸ்

தம்பி, எக்ஸ்பி வைத்திருக்கிறவர்கள் எல்லாம் கஞ்சத்தனத்தால் வைத்திருக்கவில்லை. நான் ஹார்ட்வேர் ஆள், கடை கடையாகப் போகிறவன். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால்தான் காரணம் தெரியும். பேரலல் போர்ட்டில் 132 காலம் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், மூன்று காப்பி கார்பன் பேப்பரில் அடிக்கிறது. பக்கத்தில் எடை மேடையிலிருந்து சீரியல் கேபிள் வருகிறது. அதன் கார்டுக்கு விண்டோஸ் 7 டிரைவரே கிடையாது, செய்த கம்பெனியும் இப்போது இல்லை. இன்னொரு மெஷினில் பழைய அக்கவுண்ட்ஸ் பேக்கேஜின் டாங்கிள், லைசென்ஸுக்காகச் செருகுகிற சின்னக் கருவி. அதைப் பிடுங்கினால் பழைய வருடங்களின் கணக்கைத் திறக்க முடியாது. கம்ப்யூட்டர் மாற்ற இருபதாயிரம் செலவழிக்க அவர்கள் தயார். எடை மேடையை மாற்றச் சொன்னால்தான் முகம் மாறுகிறது.

நிரல்மகள்

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் 4.0-க்கு ஆதரவு கொடுப்பதாக நினைத்துக் கொண்டிருக்கிறீர்கள். உண்மையில் பெரும்பாலான கடைகளில் உங்கள் மென்பொருள் 4.0-ல் ஓடவே இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முடிவு இதில்தான் இருக்கிறது.

பழைய டாட்நெட்டில் 2.0, 3.0, 3.5 மூன்றுக்கும் உள்ளே இருப்பது ஒரே இன்ஜின், சிஎல்ஆர் 2. 4.0-ல் இருந்து 4.8.1 வரை இன்னொரு இன்ஜின், சிஎல்ஆர் 4. சிஎல்ஆர் 2-ம் 4-ம் ஒரே மெஷினில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் 4-க்குள்ளே அப்படி இல்லை. 2012-ல் 4.5 வந்தபோது, 4.0 இருந்த இடத்திலேயே உட்கார்ந்து அதை மாற்றிவிட்டது. 4.6, 4.7, 4.8 எல்லாமே அப்படித்தான். ஆக ஒரு மெஷினில் 4.0-ம் 4.8-ம் சேர்ந்து இருக்க வாய்ப்பே இல்லை. விண்டோஸ் 10-ல் உங்கள் 4.0 எக்ஸிகியூட்டபிளை கிளிக் செய்தால் அது அங்கே இருக்கும் 4.6-லோ 4.8-லோதான் ஓடுகிறது.

எந்த விண்டோஸ் எதுவரை ஏற்கும் என்று பார்த்தால் எக்ஸ்பி 4.0, விஸ்டா 4.6. விண்டோஸ் 7 சர்வீஸ் பேக் 1 இருந்தால் 4.8 வரை நேராகப் போகும். 4.8.1 மட்டும் விண்டோஸ் 10-ன் பிந்தைய பதிப்புகளுக்கும் 11-க்கும். அதாவது 2009-ல் வந்த விண்டோஸ் 7-ல் இருந்து இன்றைய விண்டோஸ் 11 வரை (8-ன் முதல் பதிப்பும் 10-ன் தொடக்கப் பதிப்புகளும் தவிர) ஒரே இலக்கு 4.8 போதும். அசல் 4.0 ஓடுகிற இடம் எக்ஸ்பியும், யாரும் தொடாத சில விண்டோஸ் 7-ம் மட்டும்தான்.

ஸ்டாக்ட்ரேஸ், செல்ஃப் கன்டெய்ன்ட் என்றால் ரன்டைமைக் கூடவே எடுத்துப் போகலாம், சரி. ஆனால் அந்த ரன்டைம் அடியில் இருக்கும் விண்டோஸைத்தானே கூப்பிட வேண்டும்? டாட்நெட் 8-க்கு அதிகாரபூர்வமாகக் குறைந்தபட்சம் விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பு. எக்ஸ்பி, 7, 8.1 மூன்றும் அந்த இடத்திலேயே வெளியே. இவர் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

ஸ்டாக்ட்ரேஸ்

7-ம் வெளியே போகட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். வெளியே என்ன நடக்கிறது பாருங்கள். குரோம் 109-தான் விண்டோஸ் 7-க்குக் கடைசி. பைத்தான் 3.8-ஓடு முடிந்தது. எலக்ட்ரான் 22, கோ 1.20, எல்லாம் அதே கதை. க்யூட் 6 வேண்டும் என்றால் விண்டோஸ் 10 வேண்டும். உலகமே விட்டுவிட்டது, பில்லிங் மென்பொருள் மட்டும் காத்திருக்குமா?

நிரல்மகள்

அவர்கள் எல்லாரும் விண்டோஸ் 7-ஐயே விட்டார்கள். இவர் விடத் தேவையே இல்லாத ஒரு இடம் இருக்கிறது என்கிறேன். 4.8 விண்டோஸின் ஒரு பகுதி, அது உட்கார்ந்திருக்கும் விண்டோஸின் ஆயுள்தான் அதன் ஆயுள். டாட்நெட் 8-ன் ஆதரவு 2026 நவம்பரில் முடிகிறது. எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) என்றாலும் மூன்று வருடம்தான். செல்ஃப் கன்டெய்ன்டாகக் கொடுத்தால் ரன்டைமில் வரும் பாதுகாப்புத் திருத்தங்களை எல்லாம் நீங்கள்தான் மறுபடி பேக் செய்து ஒவ்வொரு கடைக்கும் அனுப்ப வேண்டும். விண்டோஸ் அப்டேட் அதைப் பார்த்துக்கொள்ளாது. இரண்டு பேர் கம்பெனி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்.

அதோடு வின்ஃபார்ம்ஸில் பழைய மெயின்மெனு, ஸ்டேட்டஸ்பார், டேட்டாகிரிட் போன்றவற்றைப் புது டாட்நெட்டில் எடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்துத் திரைகள் எத்தனை இருக்கிறதோ அத்தனையையும் திருத்தி எழுத வேண்டும். செட்டிங்ஸை பைனரிஃபார்மேட்டர் என்ற பழைய சேமிப்பு முறையில் வைத்திருந்தால் டாட்நெட் 9-ல் அதுவும் போச்சு.

கணக்குப்பிள்ளை

சேமித்திருக்கிறோம். :(

நிரல்மகள் மேடம், ஒரு சந்தேகம். விண்டோஸ் 10-ல் எங்கள் மென்பொருள் ஏற்கெனவே 4.8-ல்தான் ஓடுகிறது என்றால், இ-இன்வாய்ஸ் சர்வரோடு பேச முயன்றபோது அதே விண்டோஸ் 10 மெஷினில் "இணைப்பு மூடப்பட்டது" என்று ஏன் விழுகிறது? பிரவுசரில் அதே முகவரி திறக்கிறது.

நிரல்மகள்

டிஎல்எஸ்தான், இணைப்பை மறையாக்கம் செய்கிற நெறிமுறை. எதில் ஓடுகிறது என்பது ஒன்று, எதற்காகக் கட்டப்பட்டது என்பது இன்னொன்று. 4.8 உங்கள் எக்ஸிகியூட்டபிளைத் திறந்து பார்க்கிறது, இலக்கு 4.0 என்று எழுதியிருப்பதைப் பார்த்து, "சரி, பழைய ஆள், பழையபடியே நடந்துகொள்வோம்" என்று எஸ்எஸ்எல் 3, டிஎல்எஸ் 1.0 இரண்டை மட்டும் வைத்துப் பேசப் போகிறது. பழைய நிரல்கள் உடையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் டிஎல்எஸ் 1.0-ஐயும் 1.1-ஐயும் 2021 மார்ச்சில் இணையத் தரநிலைக் குழுவே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. இப்போதைய சர்வர்கள் 1.2-க்குக் கீழே பேசுவதில்லை, கதவைச் சாத்திவிடுகின்றன.

இலக்கை 4.6-க்கு ஏற்றினாலே 1.2 தானாக வரும். 4.7-க்கு மேல் போனால் விண்டோஸ் எதைச் சொல்கிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். இலக்கை மாற்றாமலே அவசரத்துக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. சர்வீஸ்பாயின்ட்மேனேஜரின் செக்யூரிட்டி புரோட்டோகால் மதிப்பில் 3072 என்ற எண்ணை நேரடியாகப் போடுங்கள். 4.0-ன் பட்டியலில் டிஎல்எஸ் 1.2 என்ற பெயரே கிடையாது, ஆனால் அடியில் 4.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த எண்ணைப் புரிந்துகொள்ளும். அசல் 4.0-ல் இதே வரி எக்செப்ஷன் வீசும். எக்ஸ்பியில் என்ன செய்தாலும் நடக்காது. அங்கே விண்டோஸுக்கே 1.2 தெரியாது. அதனால் அந்த வரியை ட்ரை-கேட்சுக்குள் வையுங்கள், இல்லாவிட்டால் எக்ஸ்பியில் மென்பொருள் திறக்கும்போதே விழுந்துவிடும்.

யாழ்_பனை

நான் யாழ்ப்பாணத்திலிருந்து. எங்களுடையது இன்னும் பழசு, விபி6 (விஷுவல் பேசிக் 6). நகைக்கடை, அடகுக்கடைகளுக்கு எழுதினது, இன்னும் பாவிக்கினம். ஒன்று சொல்ல வேண்டும்: விபி6-ன் ரன்டைம் விண்டோஸ் 11-லும் கூடவே வருகிறது. 1998-ல் வந்த சாமான்! அதை எழுதுகிற மென்பொருளுக்கான ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்துவிட்டது, ஆனால் ரன்டைமை மட்டும் ஒவ்வொரு விண்டோஸோடும் சுமந்துகொண்டு வருகிறார்கள். கரைச்சல் வருவது ரன்டைமால் இல்லை, ஓசிஎக்ஸ் கோப்புகளால் (திரையின் கட்டம், பட்டியல் போன்ற துணைக் கூறுகள்). அதுகள் விண்டோஸோடு வராது. நாங்கள்தான் கொண்டுபோய் 64 பிட் மெஷினில் சிஸ்வாவ்64 ஃபோல்டருக்குள் போட்டு ரிஜிஸ்டர் செய்ய வேண்டும். சிஸ்டம்32-க்குள் போட்டுவிட்டு ஏன் ஓடவில்லை என்று மண்டையை உடைக்கிற ஆட்கள் இன்னும் இருக்கினம்.

அண்ணா, உங்களுடைய மென்பொருளில் எங்கேயாவது ஆக்சஸ் கோப்பு வாசிக்கிறீர்களா? இலக்கை மாற்றும்போது 32 பிட், 64 பிட் விஷயத்தைக் கவனியுங்கள். ஆக்சஸ் கோப்பை வாசிக்கிற ஜெட் 4.0 டிரைவர் 32 பிட்டில் மட்டும்தான் இருக்கிறது. 'எனி சிபியூ' என்று விட்டால் 64 பிட் விண்டோஸில் மென்பொருள் 64 பிட்டாகத் திறந்து, "புரொவைடர் ரிஜிஸ்டர் ஆகவில்லை" என்று நிற்கும்.

கணக்குப்பிள்ளை

ஆமாம், பழைய ஸ்டாக் இறக்குமதி அதில்தான். நாங்கள் எக்ஸ்86 என்றே கட்டுகிறோம், நல்லவேளை.

பெங்குவின்_தாசன்

இந்த வேதனைக்கெல்லாம் ஒரே தீர்வு லினக்ஸ். லைப்ரேரிகளை நீங்களே...

நெறியாளர்

பெங்குவின், அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கேயும் நீங்கள்தான் கடைசியாகப் பேசியிருக்கிறீர்கள். இங்கே வேண்டாம்.

ஈரோடு சர்வீஸ்

4.8 நல்லது என்று முடிவானால் அதை விண்டோஸ் 7 மெஷினில் ஏற்றப்போகிறவன் நான்தான். அந்தக் கஷ்டத்தையும் எழுதிவைக்கிறேன், இன்ஸ்டாலர் செய்கிறவர்கள் படிக்கட்டும்.

கடை மெஷின்களில் பாதிக்கு இன்டர்நெட் கிடையாது, அல்லது விண்டோஸ் அப்டேட்டை யாரோ என்றைக்கோ அணைத்து வைத்திருப்பார்கள். ஆஃப்லைன் இன்ஸ்டாலரை பென்டிரைவில் கொண்டு போவோம், நூறு எம்பிக்கு மேல். ஓடவிட்டால் முதலில், நம்பகமான மூலச் சான்றிதழ் வரை சங்கிலி கட்ட முடியவில்லை என்று ஒரு செய்தி. அந்த மெஷினில் மைக்ரோசாஃப்டின் 2011 ரூட் சான்றிதழ் இல்லை என்று அர்த்தம். நெட் இருந்திருந்தால் தானாக வந்திருக்கும். அந்தச் சான்றிதழ்க் கோப்பையும் பென்டிரைவில் வைத்திருந்து, கம்ப்யூட்டர் அக்கவுண்டின் ட்ரஸ்டட் ரூட் பகுதியில் ஏற்ற வேண்டும். இப்போதைய யூசருக்கு மட்டும் ஏற்றினால் வேலைக்கு ஆகாது. அடுத்து டைரக்ட்எக்ஸ் கம்பைலர் டிஎல்எல் ஒன்று இல்லை என்று தடுக்கும், 4.7 முதல் வந்த தொல்லை இது. அதற்கு கேபி 4019990 என்ற விண்டோஸ் திருத்தம். இதற்கெல்லாம் முன்னால் சர்வீஸ் பேக் 1 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லாத மெஷினும் இருக்கிறது.

ஆகவே கணக்குப்பிள்ளை சார், உங்கள் செட்டப்புக்குள் இந்த மூன்றையும் வரிசையாகப் போட்டுக் கொடுத்தால் எங்களைப் போன்றவர்கள் கும்பிடுவோம். "தயவுசெய்து டாட்நெட் 4.8-ஐ நிறுவவும்" என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்கிற செட்டப்பை மட்டும் கொடுக்காதீர்கள்.

குமிழ்

மேலே உள்ளதோடு ஒன்று: ஃபிரேம்வொர்க் எந்தப் பதிப்பு என்பதை கன்ட்ரோல் பேனலில் தேட வேண்டாம், விண்டோஸ் 10-ல் அது அங்கே தெரியாது. ரெஜிஸ்ட்ரியில் நெட் ஃபிரேம்வொர்க் செட்டப் என்பதற்குக் கீழே வி4, ஃபுல் என்ற இடத்தில் ரிலீஸ் என்று ஒரு எண் இருக்கும். 378389 என்றால் 4.5, 461808 அல்லது அதற்கு மேல் 4.7.2, 528040 அல்லது அதற்கு மேல் 4.8. சமம் என்று ஒப்பிடாதீர்கள், 'அதற்கு மேல்' என்றே ஒப்பிடுங்கள். ஒரே பதிப்புக்கு விண்டோஸைப் பொறுத்து வேறு வேறு எண்கள் உண்டு. அந்த இடமே இல்லை என்றால் 4.0-ம் இல்லை, இடம் இருந்து எண் மட்டும் இல்லை என்றால் அசல் 4.0.

இதை முதலில் செய்யுங்கள். இப்போது கொடுக்கிற 4.0 பதிப்பிலேயே இந்த எண்ணையும் விண்டோஸ் பதிப்பையும் படித்து டேட்டாபேஸில் ஒரு வரியாக எழுதிவையுங்கள், பேக்கப் வரும்போது கூடவே வந்துவிடும். எத்தனை கடையில் உண்மையிலேயே எக்ஸ்பி என்பது தெரியாமல் இங்கே நாம் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை

அருமை குமிழ். இந்த வாரமே செய்துவிடுகிறோம்.

ஸ்டாக்ட்ரேஸ்

பாதுகாப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாகிரை வந்தபோது நடந்தது மறந்துவிட்டதா? ஒரு எக்ஸ்பி மெஷின் நெட்வொர்க்கில் இருந்தால் கடை முழுவதற்கும் ஆபத்து. அதற்கு மென்பொருள் கொடுத்துக்கொண்டே இருந்தால் அதை வைத்திருக்க நீங்களே ஊக்கம் கொடுக்கிறீர்கள்.

நிரல்மகள்

வானாகிரையில் அடி வாங்கியதில் பெரும்பங்கு விண்டோஸ் 7. அதற்கான திருத்தம் இரண்டு மாதம் முன்னால் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். ஆதரவு இருக்கும் விண்டோஸாக இருந்தாலும் அப்டேட்டை அணைத்து வைத்தால் அதே கதிதான். மற்றபடி, எக்ஸ்பி இன்டர்நெட்டைத் தொடவே கூடாது என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன்.

அங்கிருந்து வருகிற யோசனை இது: எக்ஸ்பி மெஷின் பில் போடட்டும், எடை படிக்கட்டும், கார்பன் பேப்பரில் அடிக்கட்டும். வெளியுலகத்தோடு பேசுகிற வேலையை அதனிடமிருந்து எடுத்துவிடுங்கள். கடையில் ஏதாவது ஒரு விண்டோஸ் 10 அல்லது 11 மெஷின் இருக்கும், முதலாளி மேசையிலோ கணக்கர் மேசையிலோ. 4.8-ல் சின்னதாக ஒரு சர்வீஸ் எழுதி அதில் ஓடவிடுங்கள். பில் போட்டதும் எக்ஸ்பி ஒரு வரியை வரிசையில் வைக்கும். சர்வீஸ் அதை எடுத்து இ-இன்வாய்ஸ் தளத்துக்கு அனுப்பி, திரும்பி வரும் 64 எழுத்துப் பதிவெண்ணான ஐஆர்என்னையும் க்யூஆர் விவரத்தையும் அதே வரியில் எழுதும். எக்ஸ்பி அதைப் படித்து அச்சடிக்கும்.

யாழ்_பனை

இதை நாங்கள் ஷேர் ஃபோல்டர் வைத்து முயற்சி செய்தனாங்கள். வேண்டாம். ஃபோல்டர் பகிர்வு நெறிமுறையில் எக்ஸ்பிக்குப் பழைய எஸ்எம்பி 1 மட்டும்தான் தெரியும். விண்டோஸ் 10-ல் 1709-க்குப் பிறகு புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1 இயல்பாக இருக்காது. அதைத் திரும்பப் போட்டால் இரண்டும் பேசும், ஆனால் வானாகிரை புகுந்த வாசலை நீங்களே திறந்து வைத்த மாதிரி.

நிரல்மகள்

அதனால்தான் வரி என்றேன், கோப்பு என்று சொல்லவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே எஸ்க்யூஎல் சர்வர் இருக்கிறது. ஒரு டேபிள் போதும். ஃபோல்டர் பகிர்வே வேண்டாம். ஃபயர்வாலில் எஸ்க்யூஎல் போர்ட்டை அந்த எக்ஸ்பி முகவரிக்கு மட்டும் திறந்தால் சரி. சர்வர் மெஷினில் டிஎல்எஸ் 1.0-ஐ முழுசாக அணைத்துவிடாதீர்கள், எக்ஸ்பி லாகின் ஆக முடியாமல் நிற்கும். ரவுட்டரில் எக்ஸ்பிக்கு வெளியே போக வழி இல்லாமல் செய்துவிடுங்கள்.

சின்னக் கடைகளுக்கு இதுவும் அதிகம் என்றால், மென்பொருள் பில் விவரம் அடங்கிய ஜேசன் கோப்பை மட்டும் உருவாக்கட்டும். ஆடிட்டர் ஆபீஸில் தளத்தில் லாகின் செய்து மொத்தமாக ஏற்றிக்கொள்ளலாம். ஆனால் ஐஆர்என் வருவதற்குள் லாரி கிளம்பிவிடும். அன்றாடம் ஐந்து பில் போடுகிற இடத்துக்குத்தான் ஒத்துவரும்.

குமிழ்

4.0 கிளையை, அதாவது எக்ஸ்பிக்கான தனிப் பதிப்பை, புது வசதி சேர்க்காமல் உறைய வைப்பதாக இருந்தால் ஒரு விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். வரிவிகிதம், எச்எஸ்என் (சரக்குக் குறியீடு) இலக்க நீளம், ரவுண்டிங் விதி, பில் வடிவம் இவை எல்லாம் நிரலில் இல்லாமல் டேபிளில் இருக்கிறதா? 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின: 12-ம் 28-ம் கிட்டத்தட்டக் காலி, 5, 18, சிலவற்றுக்கு 40. விகிதத்தை டேபிளில், எந்தத் தேதியிலிருந்து என்ற கட்டத்தோடு வைத்திருந்தவர்கள் ஒரு ஸ்கிரிப்டை அனுப்பி முடித்தார்கள். நிரலுக்குள் 'இஃப்' போட்டு 12 என்று எழுதியிருந்தவர்கள் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டார்கள். உறைந்த பதிப்பு என்றால் எக்ஸிகியூட்டபிள்தான் உறைய வேண்டும், சட்டம் உறையாது.

இன்னொன்று, உங்கள் மேசையில் ஒருபோதும் அசல் 4.0 ஓடுவதில்லை. உங்கள் மெஷினில் 4.8 அதன் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ்பியில் மட்டும் விழும் பிழை உங்களிடம் வரவே வராது. உதாரணமாக, எக்ஸ்டென்ஷன் மெத்தடுக்கான ஆட்ரிபியூட் 4.5-ல் ஒரு டிஎல்எல்லில் இருந்து இன்னொன்றுக்கு இடம் மாறியது. டிஎல்எல்களை ஒன்றாக இணைக்கும் கருவியை 4.5 உள்ள மெஷினில் ஓட்டினால், வெளியே வருவது அசல் 4.0-ல் டைப் லோட் எக்செப்ஷனோடு நிற்கும். விர்ச்சுவல் மெஷினில் ஒரு எக்ஸ்பி, சர்வீஸ் பேக் 3, வெறும் 4.0, நெட் இணைப்பு இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். டார்கெட்டிங் பேக் பிரச்சினைக்கு நியூகெட்டில் ரெஃபரன்ஸ் அசெம்ப்ளி என்று 4.0-க்கான பொதி இருக்கிறது, அதைப் போட்டால் விஷுவல் ஸ்டுடியோ 2022-லேயே கட்டலாம்.

ஸ்டாக்ட்ரேஸ்

சரி, எக்ஸ்பிக்குத் தனிக் கிளை என்றால் அதன் செலவை யார் ஏற்பது? எல்லாரும் ஒரே ஏஎம்சி கட்டினால், புது மெஷின் வாங்கியவர் பழைய மெஷின்காரருக்குச் சேர்த்துக் கட்டுகிறார். இதில் எனக்கு உடன்பாடில்லை.

ஈரோடு சர்வீஸ்

இதில் தம்பி சொல்வது நியாயம். எக்ஸ்பிக்குத் தனி ரேட் போடுங்கள். கட்டுகிறவன் கட்டுவான். அந்த ரேட்டைப் பார்த்துவிட்டு எடை மேடைக்கு யூஎஸ்பி கன்வெர்ட்டர் போட முடியுமா என்று என்னைக் கூப்பிடுவான்.

கணக்குப்பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. நண்பரோடு பேசினேன். முதன்மைக் கிளை 4.8-க்குப் போகிறது. பழைய, புதிய டாட்நெட் இரண்டுக்கும் பொதுவான நெட்ஸ்டாண்டர்ட் 2.0 நூலகங்கள் 4.6.1-லிருந்தே வேலை செய்யும் என்று எழுதியிருந்தாலும் 4.7.2-க்கு மேல்தான் இம்சை இல்லாமல் ஓடுகின்றன என்பதால் நடுவில் நிற்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். 4.0 கிளையில் வரி டேபிள், அச்சு வடிவம் தவிர எதையும் தொடுவதில்லை. அதற்குத் தனி ஏஎம்சி. செட்டப்பில் சான்றிதழ், கேபி, 4.8 மூன்றையும் ஈரோடு சார் சொன்ன வரிசையில் சேர்க்கிறோம். டாட்நெட் 8, 10 எல்லாம் இந்தத் திரைகளை மாற்றி எழுதும் காலம் வரும்போது பார்க்கலாம்.

நிரல்மகள்

நல்லது. திரையில் தமிழ் எழுத்துரு என்ன வைத்திருக்கிறீர்கள்? நிர்மலா யூஐ என்றால் அது விண்டோஸ் 8-ல்தான் வந்தது. 7-ல் இருப்பவை லதாவும் விஜயாவும். எழுத்தின் அகலம் மாறி பட்டன் பெயர்கள் வெட்டுப்படும். ரூபாய்க் குறியீடும் அப்படித்தான், 2010-ல் தான் அது பிறந்தது. எக்ஸ்பி எழுத்துருக்களில் ₹ கிடையாது, கட்டம்தான் வரும். 4.0 கிளையில் 'ரூ.' என்றே விட்டுவிடுங்கள்.

ஈரோடு சர்வீஸ்

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. போன வாரம் ஒரு கடையில் விண்டோஸ் 10 மெஷின், ஆனால் 4.8 ஏறவே இல்லை. இந்த விண்டோஸில் ஆதரவு இல்லை என்கிறது. பத்துதானே, ஏன்?

குமிழ்

வின்வெர் கட்டளையைப் போட்டுப் பாருங்கள், 1507 அல்லது 1511 என்று இருக்கும். வாங்கிய நாளிலிருந்து அப்டேட்டை அணைத்து வைத்திருப்பார்கள். அவற்றில் 4.6.2-தான் உச்சம். 4.8-க்கு 1607 வேண்டும். முதலில் விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பு 22எச்2-ஐ ஐஎஸ்ஓவிலிருந்து மேலேயே ஏற்றுங்கள், அதில் 4.8 உள்ளேயே வருகிறது, தனியாகப் போட வேண்டியதில்லை. சி டிரைவில் இருபது ஜிபியாவது காலி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எஸ்க்யூஎல் பேக்கப்பை எடுத்துவைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஈரோடு சர்வீஸ்

1511. நாளைக்கு ஞாயிறு, கடை லீவு. போய் ஏற்றிவிடுகிறேன்.